விகிதசமத்தின் இரு பக்கங்களிலும் தெரியாத எண் வரும்போது குறுக்குப் பெருக்கலை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். இயற்கணிதத்தை அடிப்படையிலிருந்து நானாகவே படித்து வருகிறேன். நான்கு உறுப்புகளில் மூன்று தெரிந்து ஒன்று மட்டும் தெரியாமல் இருக்கும் விகிதசமக் கணக்குகளில் எனக்குச் சிக்கல் ஏதும் இல்லை. 3/4 = ய/20 என்று கொடுத்தால், 3-ஐ 20-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்து, ய = 15 என்று எழுதிவிடுகிறேன். (தெரியாத எண்ணை இந்தப் பதிவு முழுவதும் ய என்றே குறிக்கிறேன்.) ஆனால் தெரியாத எண் சமக்குறியின் இரு பக்கங்களிலும் வந்துவிட்டால், அதே குறுக்குப் பெருக்கல் ஒரு கணக்கில் சரியான விடையைத் தருகிறது; இன்னொரு கணக்கில் விடைக்குறிப்போடு ஒத்துப்போகாத ஒன்றைத் தருகிறது. இதன் காரணம் எனக்கு விளங்கவில்லை. நான் செய்தவற்றை வரி மாறாமல் கீழே தருகிறேன்.

முதல் கணக்கு: 5/(ய − 2) = 3/(ய + 4). குறுக்கே பெருக்கினால் 5(ய + 4) = 3(ய − 2). விரித்து எழுதினால் 5ய + 20 = 3ய − 6. ஆகவே 2ய = −26, ய = −13. விடைக்குறிப்பிலும் −13 என்றே உள்ளது.

இரண்டாம் கணக்கு: (ய − 1)/4 = 6/(ய + 1). குறுக்கே பெருக்கினால் ய² − 1 = 24. அதாவது ய² = 25. எனவே ய = 5 அல்லது ய = −5. விடைக்குறிப்பு இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது. ஒரே விகிதசமத்துக்கு இரண்டு விடைகள் எப்படி இருக்க முடியும்?

மூன்றாம் கணக்கு: (ய + 2)/(ய − 3) = 5/(ய − 3). குறுக்கே பெருக்கினால் (ய + 2)(ய − 3) = 5(ய − 3). விரித்தால் ய² − ய − 6 = 5ய − 15. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்தால் ய² − 6ய + 9 = 0, அதாவது (ய − 3)² = 0. எனவே ய = 3. விடைக்குறிப்போ 'தீர்வு இல்லை' என்கிறது. எந்த வரியிலும் பெருக்கலில் பிழை இல்லை என்பதைச் சரிபார்த்துவிட்டேன்.

நான்காம் கணக்கு: ய/3 + 1 = (ய + 5)/4. குறுக்கே பெருக்கி 4ய + 1 = 3(ய + 5) என்று எழுதினால் ய = 14 என்று வருகிறது. விடைக்குறிப்பில் 3 என்று உள்ளது.

குறுக்குப் பெருக்கல் உண்மையில் என்ன செய்கிறது, எந்த இடத்தில் அதைப் பயன்படுத்தலாம், எந்த இடத்தில் கூடாது என்பதை யாராவது விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். 'இப்படிச் செய்' என்ற செய்முறை மட்டும் போதாது. ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி 1

வணக்கம். கணக்குகளை வரிவரியாகக் கொடுத்திருப்பதால் விளக்குவது எளிதாகிறது. உங்கள் ஐயங்கள் நான்கு போலத் தோன்றினாலும் அவற்றின் வேர் ஒன்றுதான்.

குறுக்குப் பெருக்கல் என்பது தனியாக நிற்கும் ஒரு விதி அன்று. ஒரு சமன்பாட்டின் இரு பக்கங்களையும் ஒரே எண்ணால் பெருக்கலாம் என்பதுதான் விதி. இடைப்பட்ட வரிகளை எழுதாமல் விட்டுவிட்டால் நமக்குக் கிடைக்கும் சுருக்கவழிதான் குறுக்குப் பெருக்கல். அ/ஆ = இ/ஈ என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கங்களையும் ஆ × ஈ என்ற பெருக்கத்தால் பெருக்குங்கள். இடப்பக்கத்தில் ஆ அடிபட்டு அ × ஈ மிஞ்சும். வலப்பக்கத்தில் ஈ அடிபட்டு இ × ஆ மிஞ்சும். எனவே அ × ஈ = இ × ஆ. மூலைக்கு மூலை கோடு போட்டுப் பெருக்குவது, இந்தச் செயல் தாளில் எப்படித் தோன்றுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வதற்கான வழி மட்டுமே. அந்தக் கோட்டையே விதியாக எடுத்துக்கொள்ளும்போதுதான் உங்கள் மூன்றாம், நான்காம் கணக்குகளில் நேர்ந்தது நேர்கிறது.

நான்காம் கணக்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அது சட்டென்று தீர்ந்துவிடும். ய/3 + 1 = (ய + 5)/4 என்பதில் இடப்பக்கம் ஒற்றைப் பின்னம் அன்று; அங்கே இரண்டு உறுப்புகள் உள்ளன. இரு பக்கங்களையும் 12-ஆல் பெருக்கும்போது அந்த 12 இடப்பக்கத்தின் ஒவ்வோர் உறுப்பையும் தொட வேண்டும். ஆகவே 4ய + 12 = 3(ய + 5), அதாவது 4ய + 12 = 3ய + 15, ய = 3. நீங்கள் எழுதிய வரியில் 1 மட்டும் பெருக்கப்படாமல் அப்படியே நின்றுவிட்டது. ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு பின்னமாக இருந்தால்தான் குறுக்கே பெருக்கலாம். இல்லையென்றால் முதலில் (ய + 3)/3 என்று ஒற்றைப் பின்னமாக்கிக்கொள்ள வேண்டும், அல்லது பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கால் எல்லா உறுப்புகளையும் பெருக்க வேண்டும். எனக்கு இரண்டாம் வழியே பிடிக்கும், ஏனென்றால் அதில் எந்த உறுப்பும் விடுபட்டுப்போக வாய்ப்புக் குறைவு.

இனி மூன்றாம் கணக்கு. உங்கள் கேள்வியின் உயிர்ப்பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். 3/4 = ய/20 என்ற கணக்கில் பகுதிகள் 4, 20 என்ற எண்கள். அவை பூச்சியம் அல்ல என்பது பார்த்தவுடனேயே தெரிகிறது. எனவே அவற்றால் பெருக்கும்போது எவரும் தயங்குவதில்லை. பகுதியில் ய − 3 என்று ஒரு கோவை வந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. ய என்னவென்று இன்னும் நமக்குத் தெரியாது. ஆகவே ய − 3 பூச்சியமா இல்லையா என்பதும் தெரியாது. தெரியாமலேயே அதனால் இரு பக்கங்களையும் பெருக்குகிறோம். பூச்சியத்தால் பெருக்கினால் எந்தப் பொய்யும் மெய்யாகிவிடும்: 7 = 2 என்பது பொய், ஆனால் இரு பக்கங்களையும் 0-ஆல் பெருக்கினால் 0 = 0. உங்கள் கணக்கில் நடந்தது சரியாக இதுவே. ய = 3 என்று வைத்தால் மூலச் சமன்பாடு 5/0 = 5/0 என்றாகிறது; இரு பக்கங்களும் ஒன்றுபோல் தோன்றினாலும் 5/0 என்பதற்குப் பொருளே கிடையாது, ஆகவே அங்கே சமம் என்று சொல்லவும் எதுவும் இல்லை. பெருக்கிய பிறகு வந்த (ய + 2)(ய − 3) = 5(ய − 3) என்ற சமன்பாட்டையோ அதே 3 நிறைவு செய்துவிடுகிறது. அந்த 3, மூலச் சமன்பாட்டின் தீர்வு அன்று. பெருக்கலின் வழியே உள்ளே நுழைந்த புறம்பான மதிப்பு.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு திசை உண்டு. ஏதோ ஒரு மதிப்பு மூல விகிதசமத்தை நிறைவு செய்கிறது என்றால், அது குறுக்கே பெருக்கிய சமன்பாட்டையும் கட்டாயம் நிறைவு செய்யும். ஆனால் இதன் மறுதலை எப்போதும் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. பகுதிகள் இரண்டும் பூச்சியமாகாத மதிப்புகளுக்கு மட்டுமே மறுதலையும் செல்லும். ஆகவே குறுக்குப் பெருக்கல் எந்த உண்மையான தீர்வையும் தொலைத்துவிடாது, ஆனால் தீர்வல்லாத ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்துவிடக்கூடும். அப்படிச் சேரக்கூடியவை எவை என்பதும் முன்கூட்டியே தெரியும்: பகுதிகளைப் பூச்சியமாக்கும் மதிப்புகள் மட்டுமே. கணக்கைத் தொடங்கும் முன் முதல் வரியாக 'ய ≠ 3' என்று எழுதிவிடுங்கள். முதல் கணக்கில் அது 'ய ≠ 2, ய ≠ −4' என்றிருக்கும். −13 இவற்றில் எதுவும் அல்ல என்பதால் அங்கே தொல்லை ஏதும் வரவில்லை.

இரண்டாம் கணக்கில் வந்த இரண்டு விடைகள் குறித்து: விகிதசமம் என்பது இரண்டு விகிதங்கள் சமம் என்று மட்டுமே சொல்கிறது, அந்தப் பொது விகிதம் எவ்வளவு என்று சொல்வதில்லை. ய = 5 எனில் இரு பக்கங்களும் 1. ய = −5 எனில் இடப்பக்கம் −6/4, வலப்பக்கம் 6/(−4); இரண்டுமே −3/2. விகிதங்கள் வெவ்வேறாக இருந்தாலும் ஒவ்வொன்றிலும் சமத்தன்மை நிறைவேறுகிறது. எனவே இரண்டும் தீர்வுகளே.

எப்போது ஒருபடிச் சமன்பாடு வரும், எப்போது இருபடிச் சமன்பாடு வரும் என்பதைத் தெரியாத எண் உட்கார்ந்திருக்கும் இடமே காட்டிவிடும். முதல் கணக்கில் அது இரண்டு பகுதிகளிலும் இருக்கிறது. குறுக்கே பெருக்கும்போது ஒவ்வொன்றும் எதிர்ப்பக்கத்துத் தொகுதியில் உள்ள எண்ணோடு மட்டுமே சேர்கிறது. ய² தோன்ற வழியில்லை. இரண்டாம் கணக்கில் அது ஒரு பக்கம் தொகுதியிலும் மறுபக்கம் பகுதியிலும் இருக்கிறது; அவை இரண்டும் ஒன்றோடொன்று பெருக்கப்படுவதால் ய² பிறக்கிறது.

மறுமொழி 2

மேலே சொல்லப்பட்ட விளக்கம் முழுமையானது. செய்முறையில் பலர் இடறும் ஓரிரு இடங்களை மட்டும் சேர்க்கிறேன்.

விடையைச் சரிபார்க்கும்போது மதிப்பை எப்போதும் மூலச் சமன்பாட்டில்தான் இட வேண்டும். குறுக்கே பெருக்கிய வரியில் இட்டுப் பார்த்துப் பயனில்லை. மூன்றாம் கணக்கில் ய = 3 என்பதை (ய + 2)(ய − 3) = 5(ய − 3) என்ற வரியில் இட்டால் 5 × 0 = 5 × 0 என்று பொருந்திவிடும்; பிழை கண்ணில் படாமலேயே போய்விடும். மூலத்தில் இட்டால் பகுதி பூச்சியமாவது உடனே தெரியும். நீங்கள் பெருக்கலைச் சரிபார்த்தும் காரணம் தெரியாமல் போனது இதனால்தான் என்று கருதுகிறேன்.

அடுத்தது அடைப்புக்குறி. பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் இருந்தால், குறுக்கே கொண்டுபோகும்போது அந்தக் கோவை முழுவதையும் அடைப்புக்குறிக்குள் வைத்தே கொண்டுபோக வேண்டும். 5(ய + 4) என்பதை 5ய + 4 என்று எழுதினால், 5 என்பது முதல் உறுப்பை மட்டுமே பெருக்கியதாக ஆகிவிடும். நீங்கள் இதைச் சரியாகவே செய்திருக்கிறீர்கள். ஆனாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

இன்னொன்று, பின்னத்தின் மேலும் கீழும் ஒரே எழுத்து இருப்பதைக் கண்டவுடன் அதை அடித்துவிடும் வழக்கம். (ய + 2)/(ய + 5) என்பதில் ய-வை அடித்து 2/5 என்று எழுதுவது தவறு. ய = 1 என்று வைத்துப் பாருங்கள்: 3/6, அதாவது 1/2; அது 2/5 அன்று. மேலும் கீழும் பொதுவாக இருப்பது பெருக்கற்காரணியாக இருந்தால் மட்டுமே அடிக்கலாம். கூட்டலில் ஓர் உறுப்பாக இருந்தால் அடிக்கக் கூடாது.

கேட்டவரின் தொடர் கேள்வி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 'பூச்சியத்தால் பெருக்கினால் பொய்யும் மெய்யாகிவிடும்' என்ற விளக்கத்தால் மூன்றாம் கணக்கு முழுவதும் தெளிவாகிவிட்டது. அதன் பிறகு, விலக்க வேண்டிய மதிப்புகளை முதலில் எழுதிக்கொண்டே கணக்குகளைச் செய்கிறேன். இப்போது வேறொரு வகையான சிக்கல் வந்திருக்கிறது.

ய/(ய − 3) = 6ய/(ய² − 9). முதல் வரியாக ய ≠ 3, ய ≠ −3 என்று எழுதினேன். இரு பக்கங்களின் தொகுதியிலும் ய பெருக்கற்காரணியாக இருப்பதால், இரு பக்கங்களையும் ய-ஆல் வகுத்து 1/(ய − 3) = 6/(ய² − 9) என்று சுருக்கினேன். குறுக்கே பெருக்கினால் ய² − 9 = 6ய − 18, அதாவது ய² − 6ய + 9 = 0, ய = 3. அது விலக்கப்பட்ட மதிப்பு. எனவே தீர்வு இல்லை என்று முடித்தேன். ஆனால் ய = 0 என்று மூலத்தில் இட்டால் 0/(−3) = 0, 0/(−9) = 0; இரு பக்கங்களும் சமம். குறுக்குப் பெருக்கல் எந்தத் தீர்வையும் தொலைக்காது என்று சொன்னீர்கள். இந்த 0 எங்கே தொலைந்தது?

மறுமொழி 1 எழுதியவர்

நல்ல கேள்வி. 0-ஐத் தொலைத்தது குறுக்குப் பெருக்கல் அன்று. அதற்கு முந்தைய வரியில் ய-ஆல் வகுத்ததுதான் தொலைத்தது. பூச்சியமாக இருக்கக்கூடிய ஒன்றால் பெருக்கினால் புறம்பான மதிப்பு உள்ளே வரும். பூச்சியமாக இருக்கக்கூடிய ஒன்றால் வகுத்தால் உண்மையான தீர்வு வெளியே போய்விடும். முதலாவதைச் சரிபார்ப்பின்போது பிடித்துவிடலாம். இரண்டாவதைப் பிடிப்பது கடினம், ஏனென்றால் நம் கையில் இல்லாத விடையை நாம் எப்படிச் சரிபார்ப்போம்? அதனால் இரண்டில் வகுத்தலுக்கே நான் அதிகம் அஞ்சுவேன்.

வகுப்பதற்குப் பதிலாகக் காரணிப்படுத்துங்கள். ய² − 9 என்பது (ய − 3)(ய + 3). எனவே இரு பக்கங்களையும் (ய − 3)(ய + 3)-ஆல் பெருக்கினாலே போதும்: ய(ய + 3) = 6ய. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்தால் ய² − 3ய = 0, அதாவது ய(ய − 3) = 0. ஆகவே ய = 0 அல்லது ய = 3. 3 விலக்கப்பட்டது, 0 தங்குகிறது. ஒரே கணக்கில், நீங்கள் ஏற்கெனவே அறிந்த புறம்பான மதிப்பும், தொலைந்துபோகக்கூடிய தீர்வும் அருகருகே நிற்கின்றன. இத்தகைய கணக்கைத் தேடிப்பிடித்துப் போட்டுப் பார்த்ததற்காக உங்களைப் பாராட்ட வேண்டும்.

ஒரு சிறு குறிப்பு: பகுதிகளைக் காரணிப்படுத்தாமல் அப்படியே குறுக்கே பெருக்கியிருந்தால் ய(ய² − 9) = 6ய(ய − 3) என்று முப்படிச் சமன்பாடு வந்திருக்கும். அதிலும் இதே விடைதான் கிடைக்கும், ஆனால் தேவையில்லாத வேலை. பகுதிகளுக்குப் பொதுக்காரணி இருந்தால் மீச்சிறு பொது மடங்கால் பெருக்குவதே நன்று.

மறுமொழி 3

இந்த உரையாடலைப் படித்து மகிழ்ந்தேன். குறுக்குப் பெருக்கலின் நிபந்தனைகள் தெளிவாகச் சொல்லப்பட்டுவிட்டன. குறுக்குப் பெருக்கலே தேவைப்படாத ஒரு வழியைச் சொல்ல விரும்புகிறேன். தெரியாத எண் நான்கு இடங்களிலும் வரும் கணக்குகளில் இதன் அழகு நன்றாகத் தெரியும்.

(ய + 2)/(ய + 5) = (ய − 1)/(ய + 1) என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான முறையில் (ய + 2)(ய + 1) = (ய − 1)(ய + 5), விரித்தால் ய² + 3ய + 2 = ய² + 4ய − 5. இரு பக்கங்களிலும் உள்ள ய² நீங்கி ய = 7 என்று கிடைக்கிறது. இப்படி நீங்கப்போகிற ய²-ஐ முதலில் உருவாக்கவே வேண்டுமா என்பதுதான் கேள்வி.

இரண்டு விகிதங்கள் சமம் என்றால், தொகுதியிலிருந்து தொகுதியையும் பகுதியிலிருந்து பகுதியையும் கழித்து வரும் விகிதமும் அவற்றுக்குச் சமமாக இருக்கும். காரணம் எளிது: பொது விகிதத்தை வி என்று வைத்தால் அ = வி × ஆ, இ = வி × ஈ; ஆகவே அ − இ = வி × (ஆ − ஈ). ஆ − ஈ பூச்சியமாக இல்லாதவரை (அ − இ)/(ஆ − ஈ) என்பதும் அதே வி தான். நம் கணக்கில் தொகுதிகளின் வேறுபாடு (ய + 2) − (ய − 1) = 3; பகுதிகளின் வேறுபாடு (ய + 5) − (ய + 1) = 4. ய முற்றிலும் மறைந்துவிட்டது! அப்படியானால் ய என்னவென்று தெரிவதற்கு முன்பே, அந்தப் பொது விகிதம் 3/4 என்பது தெரிந்துவிட்டது. இனி (ய + 2)/(ய + 5) = 3/4 என்று ஒரு பக்கத்தில் மட்டும் தெரியாத எண் உள்ள சமன்பாடு போதும்: 4ய + 8 = 3ய + 15, ய = 7. மூலத்தில் இட்டால் 9/12, 6/8, இரண்டும் 3/4.

ய-வின் கெழுக்கள் சமமாக இல்லாமல், ஒரே மடங்கில் இருந்தாலும் இவ்வழி செல்லும். (4ய + 1)/(6ய + 5) = (2ய + 1)/(3ய + 4) என்பதில் இரண்டாம் பின்னத்தின் மேலும் கீழும் 2-ஆல் பெருக்கினால் (4ய + 2)/(6ய + 8). இப்போது கழித்தால் தொகுதியில் −1, பகுதியில் −3. ஆகவே பொது விகிதம் 1/3. (2ய + 1)/(3ய + 4) = 1/3 என்பதிலிருந்து 6ய + 3 = 3ய + 4, ய = 1/3. கெழுக்கள் அப்படி ஒத்துவராவிட்டால் இம்முறையால் பயன் இல்லை. வழக்கம்போலக் குறுக்கே பெருக்க வேண்டியதுதான்.

தீர்வே இல்லாத கணக்கையும் இது விரைவில் காட்டிக்கொடுக்கும். (ய + 1)/(ய + 2) = (ய + 3)/(ய + 4) என்பதில் வேறுபாடுகளின் விகிதம் (−2)/(−2) = 1. பொது விகிதம் 1 என்றால் ய + 1 = ய + 2 ஆக வேண்டும்; அது நடவாது. குறுக்கே பெருக்கினாலும் 4 = 6 என்ற முரண்பாடே மிஞ்சும்.

இந்த வழி மிகப் பழையது. கி.மு. 300-ஐ ஒட்டி யூக்ளிட் எழுதிய 'எலிமெண்ட்ஸ்' நூலின் 5-ஆம் பகுதியில் 19-ஆம் கூற்று இதைத்தான் சொல்கிறது: முழுமைக்கும் முழுமைக்கும் உள்ள விகிதமே கழிக்கப்பட்ட பகுதிக்கும் பகுதிக்கும் இருந்தால், எஞ்சியவற்றுக்கும் அதே விகிதம் இருக்கும். ஓர உறுப்புகளின் பெருக்கமும் நடு உறுப்புகளின் பெருக்கமும் சமம் என்பது அதே நூலில் நேர்கோடுகளுக்கு 6-ஆம் பகுதியின் 16-ஆம் கூற்றாகவும், எண்களுக்கு 7-ஆம் பகுதியின் 19-ஆம் கூற்றாகவும் வருகிறது. அங்கே பேசப்படுபவை நீளங்களும் எண்ணிக்கைகளும் ஆகையால் பூச்சியமான பகுதி என்ற ஐயத்துக்கே இடமில்லை. ஆரியபட்டர் 499-இல் இயற்றிய 'ஆரியபட்டீயம்' நூலில் கூறும் மூவெண் விதியிலும், தெரியாதது ஒரே இடத்தில் நிற்கிறது; மற்ற மூன்றும் தெரிந்த எண்கள். பகுதியில் தெரியாத எண்ணை வைத்து எழுதத் தொடங்கிய பிறகே, மறுமொழி 1 வலியுறுத்தும் அந்த முதல் வரி இன்றியமையாததாகிறது.

கேட்டவர்

7 என்ற விடை கிடைப்பதற்கு முன்பே 3/4 தெரிந்துவிடுவது எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது. மிக்க நன்றி. கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இணைகோடுகள் பற்றிய வடிவியல் கணக்குகளில், நீளங்கள் ய-வைக் கொண்ட கோவைகளாக வருகின்றன. இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்து வரும் இரண்டு விடைகளில் குறையெண்ணை நீக்கிவிட வேண்டும் என்று படித்தேன். ஆனால் ஒரு கணக்கில் எனக்கு இரண்டு விடைகளுமே குறையெண்களாக வருகின்றன. ஒரு முக்கோணத்தின் அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரையப்பட்டுள்ளது. அது இடப்பக்கத்தை வெட்டுவதால் உண்டாகும் மேல்துண்டு ய + 5, கீழ்த்துண்டு 2. வலப்பக்கத்தின் மேல்துண்டு 6, கீழ்த்துண்டு ய + 6. அப்படியானால் இத்தகைய முக்கோணமே இல்லை என்று பொருளா?

மறுமொழி 2 எழுதியவர்

இல்லை, அத்தகைய முக்கோணம் உண்டு. குறையெண்ணை நீக்க வேண்டும் என்று படித்த குறிப்பு, நீளம் ய என்றே நேரடியாகக் கொடுக்கப்பட்டிருக்கும்போது மட்டும் பொருந்தும். இங்கே ய ஒரு நீளம் அன்று. ய + 5, ய + 6 ஆகியவையே நீளங்கள். மிகையாக இருக்க வேண்டியவை அந்த இரண்டு கோவைகள்தாம். ஆகவே கணக்கின் முதல் வரியாக ய > −5 என்று எழுதுங்கள். ய + 6 மிகையாக இருப்பதும் அதிலேயே அடங்கிவிடும்.

அடிப்படை விகிதசமத் தேற்றத்தின்படி இணைகோடு இரு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் பிரிக்கும். எனவே (ய + 5)/2 = 6/(ய + 6). குறுக்கே பெருக்கினால் (ய + 5)(ய + 6) = 12, விரித்து ஒழுங்குபடுத்தினால் ய² + 11ய + 18 = 0, அதாவது (ய + 2)(ய + 9) = 0. ஆகவே ய = −2 அல்லது ய = −9.

ய = −9 என்று வைத்தால் விகிதசமம் என்ற அளவில் குறை ஏதும் இல்லை: −4/2 என்பதும் 6/(−3) என்பதும் −2 தான். பகுதி எதுவும் பூச்சியமாகவும் இல்லை. ஆனால் −4 நீளமுள்ள துண்டு என்று ஒன்று கிடையாது. அதனால் இயற்கணிதம் ஏற்கும் இந்த விடையை வடிவியல் ஏற்காது. ய = −2 என்று வைத்தால் இடப்பக்கத்தின் மேல்துண்டு 3, கீழ்த்துண்டு 2; வலப்பக்கத்தின் மேல்துண்டு 6, கீழ்த்துண்டு 4. விகிதம் இரு பக்கங்களிலும் 3/2. விடை ய = −2 மட்டுமே.